விரலைத் தாரும்

வாசலில் சப்பாத்தைக் கழற்றி முடிக்கும் முன்பே மங்கையற்கரசி விருந்தாளியின் சுட்டுவிரலைப் பிடித்துவிடுவார். "நில்லும் பிள்ளை, உந்த விரலை ஒருக்காத் தாரும்." உடுப்புக் காயவிடும் கிளிப் மாதிரி ஒன்று விரலைக் கவ்வும். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அதன் முகத்தில் சிவப்பாக எண் விழும். "தொண்ணூற்றெட்டு. வடிவான நம்பர். இனி இருந்து தேத்தண்ணி குடியும்." ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவரும் தப்பவில்லை. பனியில் விறைத்த விரலில் எண் விழவேயில்லை. மங்கையற்கரசி பதறிப்போய் அந்த மனிசனை உள்ளே இழுத்து, சுடச்சுடக் கோப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

வருத்தம் என்னவோ அவருக்குத்தான். நுரையீரல் அடைப்பு, அதுவும் கடுமையானது. சிகரெட்டைக் கையால் தொட்டறியாத மனிசி. ஊரில் பச்சை விறகு, பிறகு புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலில் ஒரு சாப்பாட்டுக்கடையின் எண்ணெய்ப்புகை, இரண்டும் சேர்ந்து செய்த வேலை. காலையில் இருமிச் சளி துப்பி முடிந்தால்தான் அவருக்கு விடியும். அதற்குப் பிறகு கதைக்கத் தொடங்கினால் மூச்சுத்தான் முட்டும், கதை முட்டாது.

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு. அங்கேதான் ஜூலியன் வாய்த்தார். வாழ்நாளெல்லாம் கூரை வேலையும் சிகரெட்டுமாக இருந்த, ஒட்டி உலர்ந்த மனிதர். குழாயில் ஊதிப் பார்த்தபோது இருவருக்கும் வந்தது நூற்றுக்கு முப்பது. "எங்கட ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்!" என்று வீட்டுக்கு வந்து மகள் லக்சிகாவிடம் சொன்னார். ஒரே நட்சத்திரக்காரருக்கு ஒரே பலன் என்று படித்து வளர்ந்தவர் அல்லவா, கணக்கை அங்கேயே முடித்துவிட்டார். ஜூலியனுக்கு நடப்பதுதான் தனக்கும் நடக்கும்.

ஜூலியன் ஒட்சிசன் சிலிண்டரோடு வரத் தொடங்கியதும் இவர் தன் கட்டிலருகே ஒட்சிசன் மெசினுக்கு இடம் ஒதுக்கினார். ஒட்சிசன் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாதென்று, அறையிலிருந்த சாமிவிளக்கைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். பிள்ளையாருக்கு முன்னால் பற்றரி விளக்கு. எந்த டொக்டரும் அவருக்கு ஒட்சிசன் எழுதிக் கொடுக்கவில்லை!

பிறகு ஒரு செவ்வாய் ஜூலியனின் கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்த செவ்வாயும் அப்படியே. மங்கையற்கரசி வாய் திறந்து யாரிடமும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டார். "உன்ர கலியாணத்தை முன்னுக்குத் தள்ளு பிள்ளை. ஆவணி வரைக்கும் நான் இருக்கமாட்டன்."

"அம்மா, ப்ளீஸ்! ஹோல் புக் பண்ணியாச்சு. ஆர் சொன்னது உங்களுக்கு?"

"ஆர் சொல்லவேணும்? அந்தாள் போய்ச் சேர்ந்திட்டுது. அடுத்தது நான்தான்."

லக்சிகா வேலைக்கு லீவு போட்டு, தாயைப் பயிற்சியாளர் ஜெசிகாவிடம் கூட்டிப்போனாள். ஜெசிகா சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். முப்பது என்பது ஒரு விநாடியில் எவ்வளவு ஊத முடிகிறது என்பதற்கான கணக்கு மட்டும்தான். அதே முப்பதோடு ஒருவருக்கு நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்து ஒட்சிசன் குறையும். இன்னொருவருக்குக் குழாய்கள் வீங்கிச் சளி கட்டும். ஒருவர் மெலிவார், ஒருவர் மெலியமாட்டார். "உங்களுக்கு ஒட்சிசன் போதிய அளவு இருக்கு, இப்ப மெசின் தேவையில்லை எண்டு சொல்லுறா, அம்மா. நீங்கள் ஒருத்தற்ர கொப்பியும் இல்லையாம்."

"அப்ப ஜூலியன்?"

ஜெசிகா சிரித்தாள். அவர் வகுப்புக்கு லீவு சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அடுத்த கிழமை வருகிறார்.

அப்பாடா! அன்று பின்னேரம் சாமிவிளக்கு அலுமாரியை விட்டு வெளியே வந்தது. திரியைக் கொளுத்திவிட்டு மங்கையற்கரசி கொஞ்சம் அழுதார், கொஞ்சம் இருமினார், பிறகு மகளிடம் கலியாணச் சாப்பாட்டுக்கு எத்தனை கறி என்று சண்டைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஜூலியன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். விட்பியில் இருக்கும் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறதாம். போனில் படம் காட்டினார். "போறதெண்டால் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போகமாட்டியளோ? மனிசரைக் கொல்லப் பாக்கிறியளோ?" என்று மங்கையற்கரசி தமிழிலேயே பொரிந்து தள்ளினார். ஒரு சொல்லும் விளங்காத ஜூலியன், குற்றவாளி போலத் தலையைக் குனிந்து, வழக்கப்படி விரலை நீட்டினார்.

மங்கையற்கரசியும் வழக்கப்படி கிளிப்பைக் கொழுவினார். எண் விழும் முன்பே அதன் முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார், குழந்தையின் படத்தை இன்னொருதரம் காட்டச் சொல்லி.