அக்கா ஓட்டிய லாரி

போன ஞாயிற்றுக்கிழமை ரயிலடிப் பக்கம் நடைபாதையில் ஒருவர் பனியன்களைக் குவித்து வைத்து, "செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ்!" என்று கூவிக்கொண்டிருந்தார். தையல் கோணியதாலோ எண்ணெய்க் கறை பட்டதாலோ வெளிநாட்டுக்குப் போகாமல் உள்ளூரிலேயே தங்கிவிட்ட சரக்கு. இந்த ஊரில் அந்தச் சொல் காதில் விழாத நாளில்லை. ஆனாலும் புதுத்துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காது மடல் சுட்டது. கூட வந்த மனைவி, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லீங்களா?" என்றாள். இந்தச் சூட்டுக்கு மாத்திரை கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். அதாவது மற்றவர்கள் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. குணம் ஏற்கெனவே இருந்தது. அதற்குச் சம்பளம் அப்போதுதான் வந்தது. அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் எனக்கு இருந்தது: கம்பெனி ரசிகர் மன்றத்தின் துணைச் செயலாளர். தலைவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். பதினோரு பேர் மன்றம். அதில் ஒன்பது பேருக்குப் பதவி.

எண்பதுகளில் எங்கள் நாயகன் நடித்து வந்த ஒரு படம்தான் எங்களுக்கு வேதம். லாரி ஓட்டி மூன்று தங்கைகளைக் கரையேற்றும் அண்ணன் கதை. மாஸ்டர் துணியை அடுக்கிக்கொண்டே அண்ணன் வசனம் பேசுவார். மீசை வைத்த தங்கைகளாகிய நாங்கள் அழுவோம். அந்தக் கதையை யாரோ திரும்ப எடுத்தார்கள். அண்ணனுக்குப் பதில் அக்கா, தங்கைகளுக்குப் பதில் தம்பிகள். போஸ்டரில் ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்திருந்தாள். மாஸ்டருக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை என்று மன்றம் தீர்மானம் போட்டது. எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அடுத்த ஞாயிறே அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். உள்ளூர்த் தியேட்டர் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். போதாததற்குத் தலையில் துண்டு. வைவதற்கு நாலு பாயிண்ட் கிடைக்குமே என்றுதான் போனேன், சத்தியமாக.

படத்தில் ஒரு கட்டம். தம்பிக்குக் கல்யாணம். பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, "அக்கா, நீ லாரியிலயே இருந்துக்கறயா?" என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். மேளம் கொட்டியதும் வண்டிக்குள் இருந்தபடியே ஒரு பிடி அரிசியைத் தூவுகிறாள். முன்கண்ணாடியில் பட்டு அவள் மடியிலேயே விழுகிறது. அண்ணன் படத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது. அண்ணனை யார் லாரியில் இருக்கச் சொல்வார்கள்? நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினேன். அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டு விளக்கைப் போட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், மரகதம் அக்கா.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மாஸ்டர் ஆரம்பித்தார். "பொம்பள லாரி ஓட்டுனா வண்டி ரிவர்ஸ்லதானுங்க போகும்."

எல்லாரும் சிரித்தோம். மரகதம் அக்கா மட்டும் டீ கிளாஸோடு எழுந்து நின்றார். "ஏனுங் மாஸ்டர், அண்ணன் ஓட்டுனா விசில் அடிப்பீங்க, அக்கா ஓட்டுனா ஆகாதுங்களா? அந்தப் புள்ள எப்படி நடிச்சிருக்குது தெரியுமுங்களா? பாத்துப்போட்டுப் பேசுங்க."

"இங்க பாத்த ஆம்பள ஒருத்தனக் காட்டுங்க, அப்பறம் பேசலாம்."

அக்காவின் பார்வை என் பக்கம் திரும்பியது. பதவி போகும், பட்டப்பேர் வரும், அழுத கதை அவிநாசி வரைக்கும் பரவும். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதயெல்லாம் எதுக்குங் மாஸ்டர் பாத்துக்கிட்டு? மொதல்ல வந்தது எக்ஸ்போர்ட்டு. ரெண்டாவதா வர்றது எப்பவுமே செகண்ட்ஸ்தானுங்க."

கூரை அதிரச் சிரித்தார்கள். ஒன்றை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் முன்புதான் மரகதம் அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது, பெண்டாட்டி இறந்துபோன ஒருவருக்கு இரண்டாம் தாரமாக. கம்பெனிக்கே தெரியும். சிரித்தவர்களில் பாதிப்பேர் படத்துக்குச் சிரிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "சினிமாவத்தான தம்பி சொன்னீங்க?"

'ஆமாங்க' என்று ஒரு சொல் போதும். ஆனால் கூட்டம் எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

'நேத்து தேம்பினது யாருங்க தம்பி?' என்று அக்கா ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்ப் பெடலை மிதித்தார். மறுநாளிலிருந்து அக்காவுக்கு அதுவே பெயராகிப்போனது. "செகண்ட்ஸக்கா பீஸு வந்துருச்சுங்களா?" என்று என் மேஜையிலேயே வந்து கேட்டார்கள். தீபாவளிக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு அருள்புரம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்டே தீருவது என்று சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் ஒத்திகை. அந்தக் கம்பெனி கேட்டில் அக்காவே எதிரே வந்தார். "ஏனுங் தம்பி, இங்க செக்கிங்குக்கு ஆளு எடுக்கறாங்கன்னு வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன். வேண்டிய இடத்தில் வராத சொல், அங்கே வந்து குதித்தது.

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் மேனேஜரிடம் நிறுத்தினார். "நம்ம பழைய கம்பெனிப் பையனுங்க. நல்ல வேலைக்காரரு. நான் பொறுப்புங்க."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. பல வருஷம் கழித்துப் போனபோது அங்கே அந்தக் கம்பெனியே இல்லை. அக்கா எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அண்ணன் படம் மட்டும் டிவியில் அடிக்கடி வருகிறது. அக்கா படத்தைக் கேசட் கடை கேசட் கடையாகத் தேடினேன், இப்போது போனிலும் தேடுகிறேன். ஒரு பாட்டுகூட அகப்படவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மாஸ்டரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. முப்பது வருஷத்துத் தைரியத்தையெல்லாம் திரட்டி, நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன்: "மாஸ்டர், அந்த அக்கா லாரி ஓட்டற படம் நல்ல படமுங்க. நான் அப்பவே அவிநாசில பாத்தேன். அழுதேனுங்க."

மாஸ்டர் ரசத்தை உறிஞ்சிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி ஒரு படம் வந்துச்சுங்களா தம்பி?"