சீனியம்மாள் படித்த தொடர்கதை

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் சோழவந்தானில் ஒரு வெற்றிலை மண்டியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் இலை அடுக்கிக்கொண்டிருந்தோம். கொடிக்காலிலிருந்து வரும் வெற்றிலையில் கிழிசலையும் பழுப்பையும் கழித்துவிட்டு, நூறு நூறாக அடுக்கிக் கட்டினால் ஒரு கவுளி. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் ஊர் வம்பு அத்தனையும் எங்களிடம் வந்துதான் போகும்.

வம்பு தீர்ந்துபோனால் சீனியம்மாள். எட்டாவது வரை படித்தவள். புருஷன் பேயாண்டி வண்டி ஓட்டினான், பிள்ளை குட்டி இல்லை. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள், அதுவும் யோசித்துத்தான். சலூன் கடையில் எல்லாரும் புரட்டி முடித்த வாரப்பத்திரிகை ஒரு வாரம் பிந்தி மண்டிக்கு வரும். அதில் வரும் தொடர்கதையை அவள் உரக்கப் படிப்பாள். அவள் பங்கு இலையை நாங்கள் பிரித்துக்கொண்டு அடுக்கிவிடுவோம். இது எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

அப்போது ஓடிய கதையில் ஒரு பெண் புருஷனின் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் வந்து அந்தக் குடும்பத்தின் நிம்மதியைக் கெடுப்பதாகத்தான் கதை. ஆனால் சீனியம்மாள் படித்தபோது எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவள் பையோடு வாசலில் நின்ற கட்டத்தில் மாயக்காளே மூக்கை உறிஞ்சினாள். மாயக்காள் எங்களில் மூத்தவள். அவள் வாய்க்கு முதலாளியே பயப்படுவார்.

கொடுமை என்னவென்றால், அதே மாதிரி ஒருத்தி எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். முருகம்மாள். அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, முதுகெல்லாம் வாரடித் தழும்போடு வந்து சேர்ந்தவள். அவளை மாயக்காள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “அந்த வாழாவெட்டிகிட்ட கூடைய எடுத்தாரச் சொல்லு” என்பாள், அவள் காதுபடவே. முருகம்மாளும் எடுத்துவந்து வைப்பாள். கதையில் வந்தவளுக்காக அழுத அதே மாயக்காள்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முருகம்மாளின் அண்ணன் விருமாண்டிக்குச் சமயநல்லூரில் பெண் பார்த்திருந்தார்கள். ‘வீட்டில் ஒரு வாழாவெட்டி இருக்கும்போது எங்கள் பிள்ளையை எப்படி அனுப்புவது’ என்று பெண்வீட்டார் கேட்டுவிட்டார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை தங்கையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று விருமாண்டி முடிவு கட்டினான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இந்தத் தடவ போனா நான் உசிரோட வருவேனாக்கா?” என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், படம் பார்க்கலாமென்று பழைய பத்திரிகை ஒன்றை எடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கும் வரும். படத்துக்குக் கீழே, ‘அந்த வாழாவெட்டி வாசலில் வந்து விழுந்தாள்’ என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனியம்மாள் எங்களுக்குப் படித்தது, ‘அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.’ மேலே படித்தேன். ‘ஒப்பாரி வைத்தாள்’ என்று அச்சில் இருந்ததை ‘அழுதாள்’ என்று படித்திருக்கிறாள். ‘கொட்டிக்கொண்டாள்’ என்றிருந்ததை ‘சாப்பிட்டாள்’ என்று படித்திருக்கிறாள்.

அதே வாசல், அதே அழுகை, அதே சோறு. ஆனால் அச்சில் இருந்தவளைப் பார்த்தால் விளக்குமாற்றைத் தூக்கத் தோன்றியது. நாங்கள் காதால் கேட்டவளுக்கோ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கத் தோன்றியிருந்தது. கண் ஒரு சொல்லைப் பார்க்க, வாய் வேறு சொல்லைச் சொல்ல, வாரக்கணக்கில் ஓரிடத்திலும் தடுக்காமல் படித்திருக்கிறாள்! பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“ஏண்டி, கதைய மாத்தியா படிக்கிற?”

“கதைய மாத்த நான் யாரு அக்கா? நடந்ததுல கை வைக்க மாட்டேன்” என்றாள். “முருகம்மாவ வச்சுக்கிட்டு அந்த வார்த்தைய வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரல. அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தானாம்!

வியாழக்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது. நான் முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் புருஷனிடமே திரும்பிப் போகிறாள், சுபம். மறுநாள் போகவேண்டியவளை எதிரில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பதா?

“தலைவலின்னு சொல்லிரு, சீனி” என்றேன்.

“அவ போனான்னு இருந்தா போனான்னுதான் படிக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அச்சில் இருந்தது எனக்கு இன்றும் மனப்பாடம். ‘கண்ணீர் மல்க, கணவனின் நிழலில் அடைக்கலம் புகுந்தாள். அந்த இல்லத்தின் கதவு அவளுக்காகத் திறந்தது.’

சீனியம்மாள் நிதானமாகப் படித்தாள். ‘அழுதுகொண்டே, தன்னை அடித்தவனிடம் போனாள். அந்த வீட்டின் கதவு அவளுக்காகத் திறந்தது.’

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதவு திறந்ததைக் கேட்டு இப்படிப் பயந்துபோனது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான். மாயக்காள் கையிலிருந்த இலை கையிலேயே இருந்தது.

“பாவி மக, போயிட்டாளா?” என்றாள் கடைசியில். “போகாதடின்னு ஒருத்தி கூடவா சொல்லல?”

“கதையில யாரும் சொல்லலத்தா” என்று சீனியம்மாள் பத்திரிகையை மூடினாள். முருகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு இலை அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருமாண்டி மண்டிக்கே வந்துவிட்டான்.

“கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

முருகம்மாள் எழுந்திருக்கவில்லை.

“வாழாவெட்டியாவே இங்க கெடக்கப் போறியா?” என்று கத்தினான்.

மாயக்காள் மடியிலிருந்த இலையை உதறிக்கொண்டு எழுந்தாள். இவளும் சேர்ந்துகொண்டு விரட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

“முருகம்மாள எங்கடா கூப்பிடுற?”

“அவ புருஷன் வீட்டுக்குத்தான், பெரியாத்தா.”

“அடிச்சவன் வீட்டுக்கு” என்றாள் மாயக்காள், அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு. “எங்க, இப்பக் கூப்பிடு பாப்போம்.”

நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். விருமாண்டி எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தான்.