தம்பி பார்த்திருப்பான்

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. ஆலோசகரின் ராஜ்ஜியம் அவ்வளவுதான். சின்னக் கடைக்காரர்களும் தொண்டு அமைப்பு நடத்துகிறவர்களும் படியேறி வந்து, வரி எப்படிக் கட்டுவது, ஏமாறாமல் எப்படிப் பிழைப்பது என்று காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டு போவார்கள். வரி விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர்தான். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மோசடி என்று பேச்செடுத்தால் அவரை யாராலும் நிறுத்த முடியாது.

“திருடன் சுவரேறிக் குதிச்சு வர மாட்டான் சார். ‘சாப்பிட்டீங்களா?’ன்னு கேட்டுக்கிட்டே வருவான். அதனால எந்தச் செக்குக்கும் ரெண்டு பேர் கையெழுத்து வேணும். ஒருத்தர் அசந்தாலும் இன்னொருத்தர் பார்ப்பாரு” என்பார். அவரிடம் கணக்கு ஒப்படைத்திருந்த பேக்கரிக்காரர் இதை வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, பெற்ற பிள்ளையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வீட்டில் நடமாடுவார்.

ஊருக்குத்தானே உபதேசம்! ஆலோசகரின் அக்கா, பழைய சக்கர நாற்காலிகளை வாங்கிப் பழுது பார்த்து, நடக்க முடியாதவர்களுக்குச் சும்மா கொடுக்கிற ஓர் அமைப்பை நடத்திவந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத அவளுக்கு அதுதான் பிள்ளை. தம்பி பொருளாளர். செக்கில் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரே. அக்கா செக்கோடு மாடியேறி வருவாள். வந்தால் சும்மா போகமாட்டாள். சித்தப்பா வீட்டுச் சண்டையில் தொடங்கி மாமாவின் பல்வலி வரை பேசுவாள். காசு கொடுக்கிற ஆட்கள் படிக்கட்டில் காத்திருப்பார்கள்.

“எதுக்குக்கா நீ அலையறே? உங்க ஆபீஸ் மேனேஜர்கிட்ட குடுத்தனுப்பு. நான் பில்லைப் பார்த்துப் போட்டு அனுப்பறேன்” என்றார் தம்பி. கொஞ்ச நாள் பார்த்துத்தான் போட்டார். பிறகு அதற்கும் சோம்பல் வந்து, தொகை எழுதாத செக் புத்தகம் முழுக்க ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு மேனேஜர் கையில் கொடுத்துவிட்டார். மேனேஜரோ தேனொழுகப் பேசுகிறவர். “உங்க நேரம் பொன்னானது சார்” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பிறகென்ன? மேனேஜர் இஷ்டப்பட்ட தொகையை எழுதி அக்காவிடம் நீட்டுவார். தம்பி பார்த்திருப்பான் என்று அவளும் கையெழுத்துப் போடுவாள். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று தம்பி நிம்மதியாகத் தூங்குவார். இரண்டு கையெழுத்து இருந்தது, பார்ப்பதற்கு ஒரு கண்கூட இல்லை.

ஒருநாள் ஒரு சக்கர நாற்காலிக்கு டயர் மாற்ற அக்கா சாமான் அறையைத் திறந்தாள். ஒரு டயர்கூட இல்லை. பில்படி பார்த்தால் பஸ் கம்பெனிக்கே போதுமான டயர் வாங்கியிருந்தார்கள்! விற்றவர் முகவரியைத் தேடிப் போனால், அது ஒரு முடிதிருத்தும் கடை. கடைக்காரர் மேனேஜரின் மச்சான். மறுநாள் மேனேஜரைக் காணோம்.

அமைப்பின் கமிட்டி கூடியது. பேக்கரிக்காரரும் அதில் ஓர் உறுப்பினர். அக்காவும் மேனேஜரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று ஆளுக்காள் முணுமுணுத்தார்கள். ஆலோசகர் எழுந்து, “நடைமுறையில் ஒரு தொய்வு ஏற்பட்டிருக்கிறது” என்று ஆரம்பித்தார். தொய்வு தானாக ஏற்படுமாம், மழை மாதிரி!

அக்கா எழுந்து நின்றாள். “தம்பி பில்லைப் பார்த்துத்தான் போட்டிருப்பான். சரக்கு வந்துச்சான்னு பார்க்க வேண்டியது நான். தப்பு என்னோடது. நான் விலகிக்கறேன்” என்றாள்.

மணிக்கணக்கில் பேசுகிற மனிதர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். விலகல் கடிதம் எழுத அக்காவிடம் காகிதத்தை நகர்த்தினார்கள். அவள் பேனாவைத் திறந்த பிறகுதான், “இருங்க. நான் எதையும் பார்க்கல. வெறும் செக்ல போட்டுக் குடுத்தேன்” என்றார் ஆலோசகர்.

“உங்க பேச்சைக் கேட்டு என் பையனையே கல்லாவுல உட்கார விடல, சார்” என்றார் பேக்கரிக்காரர். அன்றைக்கே தன் கடைக் கணக்கை ஆலோசகரிடமிருந்து வாங்கிக்கொண்டார். அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு, பொருளாளரை நீக்கினார்கள்.

தெருவில் இருவரும் நடந்தார்கள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று, பெரிய தியாகம் செய்துவிட்ட முகத்தோடு ஆலோசகர் காத்திருந்தார்.

“நான் எழுந்து நின்னதிலேர்ந்து நீ வாயைத் திறக்கற வரைக்கும், என்னடா கணக்குப் போட்டுக்கிட்டிருந்தே?” என்று கேட்டாள் அக்கா.

பேக்கரிக் கணக்கு போனால் எவ்வளவு, சைக்கிள் கடைக் கணக்கும் போனால் எவ்வளவு, அந்த வருமானத்துக்கு அக்கா ஈடாவாளா என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லக்கா, பதட்டம்” என்றார்.

அக்கா நின்று, அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தம்பி சொன்னதை நம்பி வந்தவள், இதை நம்பவில்லை.