ஐந்து பட்டியல்கள்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வெளியூரில் இருக்கும் அக்காவோடு கார் பந்தயம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்க நினைத்தவள், ஒரே வாரத்தில் ஐந்து பட்டியல்களை எழுதிக் கிழித்துவிட்டாள். வேகமான பிராசஸர் வாங்கினால் எட்டு ஜிபி மெமரி ஒன்றுதான் கட்டுப்படியாகும். ஒருபடி குறைந்ததை எடுத்தால் இரண்டு போடலாம்.

"என்னைக் கட்டிக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே!" என்றான் கணவன்.

"அதனாலதான் இப்போ யோசிக்கிறேன்."

கடைக்காரப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தனியா கிராபிக்ஸ் கார்டு போடுவீங்களா?"

"இப்போதைக்கு முடியாதுங்க."

"அப்போ படம் காட்டுற வேலையும் பிராசஸர் தலையிலதான் விழும். அது மெமரியைத்தான் நம்பியிருக்கு. ஒண்ணுன்னா ஒத்தைவழி ரோடு, ரெண்டுன்னா இருவழி."

ஒற்றைவழிச் சாலையில் சைரனை அலறவிட்டு நகர முடியாமல் தவித்த நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. சட்டென்று இரண்டு மெமரியைக் கேட்டாள். வீடு வரும்வரை 'தப்புப் பண்ணிட்டோமோ?' என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் அக்காவோடு ஆடியபோது திரையில் படம் ஒருமுறைகூடத் திக்கவில்லை. மூன்று பந்தயத்திலும் அக்காவிடம் தோற்றாள். "இன்னொண்ணு ஆடலாம்க்கா" என்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.