லாரியில் பிறந்த செவலை

நேற்று தென்காசி ரயில்வே கேட்டில் என் காருக்கு முன்னால் ஒரு மாட்டு லாரி நின்றது. சாணமும் வைக்கோலும் டீசலும் கலந்த அந்த வாடை உள்ளே வந்ததும், புளியறையில் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடைக்கே போய்விட்டேன்.

கேரளாவுக்குப் போகும் மாட்டு லாரிகள் அங்கே நிற்கும். ஒரு சாரல் நாளில் டிரைவர் ஒருவர் ஈரம் காயாத கன்றைத் தூக்கி வந்தார்.

"அண்ணாச்சி, வண்டியிலயே கன்னு போட்டுட்டு. நெரிசல்ல மிதிச்சிரும். நீங்க வச்சுக்கிடுங்க."

அப்பா தோள்துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். தாயையும் இறக்கிவிடச் சொல்லி எவ்வளவோ கேட்டார். முதலாளி விடமாட்டார் என்று கும்பிட்டுவிட்டு டிரைவர் போய்விட்டார்.

வீட்டில் ஏற்கெனவே அடிபட்ட நாய்களும் ஒரு நொண்டி ஆடும் இருந்தன. ஆனாலும் அம்மா முகம் சுளிக்கவில்லை. விரலைப் பாலில் நனைத்து ஊட்டினாள்.

"குடிட்டி, என் செவலைல்லா."

செவலை நன்றாக வளர்ந்தாள். ஆனால் லாரிச் சத்தம் கேட்டால் வேலியோரம் ஓடிப்போய்க் கத்துவாள். அப்போதெல்லாம் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

பிறகு செவலையும் ஒரு கன்று ஈன்றாள். அன்று சாயங்காலம் மாட்டு லாரி ஒன்று கடந்தது. அவள் தலை தூக்கவில்லை. கன்றை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"பாருங்க, இன்னைக்கு அவ கூப்பிடவே இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா அழுதாள்.

கேட் திறந்தது. லாரி புளியறைப் பக்கம் திரும்பியது. அப்பாவும் அம்மாவும் இல்லை, கடையும் இல்லை. வழியில் ஒரு கன்று பிறந்தால் யார் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்தபடி, பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.