முனியப்பனும் டிக்கெட் எடுக்கவில்லை

நான் கையை நீட்டினால் நிற்காத பஸ், என் வீட்டுக்காரர் கையை நீட்டினால் நின்றது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் அவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்? வேட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றதைத் தவிர அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அரியலூர் போகும் காலை டவுன் பஸ் அது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அரசாங்கம் சொன்னபோது எங்கள் ஊரில் சந்தோஷப்படாத பெண் இல்லை. கீரை விற்கப் போகிறவர்கள், துணிக்கடைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த பஸ்தான் கதி. ஆனால் புதிதாக வந்த டிரைவருக்கு எங்களைக் கண்டாலே ஆகவில்லை. நிறுத்தத்தில் வெறும் சேலையும் சுடிதாருமாக நின்றால் அவர் கால் பிரேக்குக்குப் போகாது. நடுவில் ஒரு வேட்டி தெரிந்தால் போகும். நாங்கள் ஏறினால் கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார், அதற்கு அரசாங்கம் கணக்குத் தீர்க்கிறது, நாங்கள் யார் வீட்டுச் சோற்றையும் பிடுங்கவில்லை. அந்த மனிதருக்கு மட்டும் நாங்கள் ஓசிக் கிராக்கி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சொல்வார்களே, அதை எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

டிப்போவில் போய்ச் சொன்னோம். "சொல்றோம்மா" என்றார்கள். யாரிடம் சொன்னார்களோ தெரியவில்லை.

எனக்கு அந்த பஸ் போனால் பிழைப்பு போச்சு. அரியலூரில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கும் ஒரு தையல் கூடத்தில் வேலை. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மிஷின் இருந்தது. அதன் சத்தத்தை வைத்தே எண்ணெய் கேட்கிறதா, ஊசி மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். நான் அடிக்கடி பிந்திப்போய் கேட்டுக்கு வெளியே நின்றதைப் பார்த்த சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "நீ நல்லாத்தான் தைக்கிற. அதுக்காக மிஷினை சும்மா போட்டு வெக்க முடியுமா? இன்னொரு தடவ லேட்டானா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

மறுநாளே பஸ் என்னைத் தாண்டிப் போனது. கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடினேன். "ஏங்க, வண்டியை எடுங்க" என்றேன். கொத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மொபெட்டை எடுத்தார். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய புழுதிக்குள் அந்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போனோம்.

முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் ரோட்டோரமாக ஒரு முனியப்பசாமி கோயில். பார்த்தால், அங்கே பஸ் சாவகாசமாக நிற்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டியிருக்கிறார். பூசாரி தட்டோடு எம்பி நின்று அவர் கையில் திருநீறு போடுகிறார். நாங்கள் அத்தனை பேர் கையைக் கையை ஆட்டியும் நிற்காத மனிதர், ஒரு சிட்டிகைத் திருநீறுக்கு நிற்கிறார். கொதித்த கொதிப்பில் மொபெட் நிற்பதற்குள் குதித்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி இறக்கிவிடுவார்?

அன்று சாயங்காலமே ஊர்ப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாளிலிருந்து எல்லோரும் முனியப்பன் கோயிலுக்கு நடந்தோம். பஸ் நின்றது, நாங்கள் ஏறினோம், மிஷின் பிழைத்தது. இரண்டு வாரம் போல இது ஓடியது.

ஆனால் கீரைக்கார அக்காவுக்கு முடியவில்லை. தலையில் ஈரம் சொட்டும் கீரைக்கூடை, முழங்காலில் வலி. வழியில் கூடையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். ஒருநாள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏன்டி, நம்ம வூட்டு வாசல்ல ஸ்டாப்பு இருக்கு. அத வுட்டுட்டு நாம ஏன் சாமியத் தேடி ஓடணும்? சாமிய நம்மகிட்ட கூட்டியாந்துட்டா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் பூசாரியிடம் போய்ப் பிடிமண் கேட்டாள். ஒரு கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வேறு இடத்தில் வைத்துக் கும்பிட்டால் அங்கேயும் அதே சாமிதான். எங்கள் பக்கத்தில் வழிவழியாக நடப்பது. எதற்கு என்று பூசாரி கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொன்னாள். மனிதர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸ நிறுத்துறதுக்கு மட்டும்னு வெக்கக் கூடாது. வெச்சா வெச்சதுதான். தெனம் வெளக்கு ஏத்தணும். ஏத்துவீங்களா?"

"ஏத்துவோம்" என்றோம்.

மஞ்சள் துணியில் முடிந்து மண்ணைக் கொடுத்தார். இந்தப் பூசாரி வரம் கொடுத்தார், பழமொழிதான் தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப் கம்பத்துக்குப் பக்கத்தில் மண்ணை வைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டினோம். என் வீட்டுக்காரர் கொல்லரிடம் சொல்லிச் சின்னதாக ஒரு வேல் அடித்துக்கொண்டு வந்தார். முன்பு அவரோடு பேசாமல் இருந்ததற்கு அன்று ராசியானேன்.

திங்கட்கிழமை காலை. தட்டில் திருநீறு வைத்துச் சூடம் ஏற்றி நான் முன்னால் நின்றேன். பஸ் வேகமாகத்தான் வந்தது. கல்லும் வேலும் கண்ணில் பட்டதோ இல்லையோ, டிரைவர் கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. பஸ் குலுங்கி நின்றதில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"இது எப்பம்மா வந்துச்சு?" என்றார் டிரைவர்.

"நேத்துத்தாண்ணே. முனியப்பன் கோயிலு பிடிமண்ணு. சந்தேகம்னா பூசாரியக் கேட்டுக்கங்க" என்றாள் அக்கா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து கையை வெளியே நீட்டினார். நாள்தோறும் நான் நீட்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. தட்டை என் பக்கமே வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. முனியப்பன் என்ன டிக்கெட்டா எடுக்குறாரு, நீங்க நிக்கிறதுக்கு?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"இல்லல்ல? அவருக்கு ஓசியில நிக்கிறீங்க. அவரு ஏறக்கூட மாட்டாரு. நாங்க ஏறுறவங்க. எங்களுக்கு நிக்க என்னண்ணே?"

டிரைவரின் கை நீட்டியபடியே இருந்தது. காது மடல் சிவந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நியாயத்தத்தானப்பா கேக்குது அந்தப் புள்ள" என்றார். டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சரிம்மா, தப்புதான். குடும்மா" என்றார். கை நிறையவே திருநீறு போட்டேன். அதற்குள் அக்காவின் கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார் கண்டக்டர்.

அன்று முழுக்க என் மிஷின் ஓடியதே தெரியவில்லை. ஆனால் ராத்திரி படுத்தபோது ஒன்று உறுத்தியது. நின்றது எனக்கா, தட்டுக்கா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு ஆறாது.

மறுநாள் விடியலிலேயே போய் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, தட்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கூட வருகிறேன் என்ற வீட்டுக்காரரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் வரும் நேரத்தில் எல்லோரையும் கல்லைத் தாண்டித் தள்ளி நிற்கச் சொல்லி, நான் முன்னால் வந்து நின்றேன். ஒரு வேட்டி கிடையாது, சூடம் கிடையாது. புழுதிக்குள்ளிருந்து பஸ்ஸின் முகம் தெரிந்ததும் கையை நீட்டினேன்.

பஸ் வேகம் குறைந்தது. சாமியைத் தாண்டியது. தாண்டும்போது டிரைவர் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். அப்படியே உருண்டு வந்து, படிக்கட்டு சரியாக என் காலடிக்கு நேராக நின்றது.

"ஏறும்மா, ஒம்போது மணிக்கு கேட்ட மூடிடுவாங்கல்ல?" என்றார்.

இதை அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நீட்டிய கையோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னாலிருந்து கீரைக்கார அக்கா கூடையால் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

"ஏய், கைய எறக்குடி. பஸ்ஸு நின்னுருச்சு."