கனடா விசாவும் எங்கள் இரண்டு கல்யாணத் தேதிகளும்

கனடாவுக்குச் சுற்றுலா விசா எடுப்பது எப்படி என்று மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கே முழுசாகப் புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன், யாராவது தப்பிக்கட்டும்.

எங்கள் ஒரே மகள் தர்ஷினிக்குப் போன ஜூன் மாதம் வான்கூவரில் பட்டமளிப்பு. நான்கு வருஷம் கல்வி உதவித்தொகையில் படித்தாள். ஒரு தடவைகூட நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. "ரெண்டு டிக்கெட்தான்பா குடுப்பாங்க, உங்களுக்கும் அம்மாவுக்கும்" என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள். நான் மார்ச்சில்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் தப்பு அது.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில். விசாவுக்கு ஆளுக்கு நூறு கனடிய டாலர், கைரேகைக்கு எண்பத்தைந்து. முதல் பக்கத்திலேயே குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு எங்கே குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடுவதா, விடுவதா என்று அரை மணி நேரம் குழம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி மகேசுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க உங்களோடத போடுங்க, நான் என்னோடத போட்டுக்கறேன்" என்று மகளுடைய பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டாவது தப்பு அது. யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

கைரேகைக்குக் கோலாலம்பூர் போக வேண்டும். எங்கள் ஊர் கிள்ளானில் காலை 6.50 கொமுட்டர் ரயில் பிடித்தால் எட்டு மணிவாக்கில் கேஎல் சென்ட்ரல் நிலையம். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். அங்கிருந்து விசா மையத்துக்கு கிராப் டாக்சி 13 ரிங்கிட். உள்ளே இருபது நிமிஷ வேலை. மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெற்றிகரமாக வீடு திரும்பினோம். இவ்வளவுதானா கனடா என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம். என் விண்ணப்பத்திலும் மனைவியின் விண்ணப்பத்திலும் திருமணத் தேதி வேறு வேறாக இருக்கிறதாம். விளக்கம் வேண்டும், மலாயில் இருக்கும் திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நாலு தடவை படித்தேன். இருப்பது ஒரே மனைவி, நடந்தது ஒரே கல்யாணம், இதில் இன்னொரு தேதி எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே மலேசியாவில் நம் ஆட்கள் முதலில் அரசாங்க அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துவிடுவார்கள். கோயிலில் தாலி கட்டுவது பிறகுதான், சில வீடுகளில் ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை பெண் அவள் வீட்டில், பையன் அவன் வீட்டில். எங்களுக்கு மார்ச்சில் பதிவு, மறு வருஷம் பிப்ரவரியில் தாலி. என் அக்கா கல்யாணம் முதலில் முடியட்டும் என்று வீட்டில் தள்ளிப்போட்டார்கள். நான் பிப்ரவரி தேதியைப் போட்டிருந்தேன். மகேஸ் மார்ச்சைப் போட்டிருந்தாள்.

மறுபடியும் ரயில், மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ். முதல் மாடியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம், ஒரு பக்கத்துக்கு அறுபது ரிங்கிட். அங்கிருந்த பெண் சான்றிதழைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்படித்தான் லா அங்கிள். சரி, லெட்டர்ல எதைப் போட? எது உங்க கல்யாண நாளு?"

"தாலி கட்டுன நாளுதாம்மா. அதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"இல்ல" என்றாள் மகேஸ். "நான் கையெழுத்து போட்ட நாளு."

"அது வெறும் பேப்பர்தானே மகேஸ்."

"உங்களுக்குப் பேப்பர். நான் பதினோரு மாசம் பண்டமாரான்ல எங்கப்பா வீட்ல உங்க பொண்டாட்டியா இருந்தேன். கிளினிக்ல வேலைக்கு ஃபாரம் குடுத்தாங்க, கல்யாணம் ஆயிருச்சுன்னுதான் எழுதுனேன். தாலி எங்கன்னு கேட்டாங்க. அதுக்கும் பதில் சொன்னேன். நீங்க அப்ப வேலைக்குச் சேந்த தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரி ஃபாரத்துல என்ன எழுதுனீங்க?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'பூஜாங்' என்று எழுதியிருந்தேன். கல்யாணம் ஆகாதவன். அப்படிப் போட்டால் ஃபேக்டரி ஹாஸ்டலில் இடம் கிடைக்கும் என்று எழுதினேன், எழுதும்போது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் நான் பண்டமாரானுக்குப் போனது நாலோ ஐந்தோ தடவை. அந்தப் பெண் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சட்டப்படி மார்ச்சுதான் சரி, நான் தவறாக எழுதிவிட்டேன் என்று கடிதம் தயாரித்து அன்றே இணையத்தில் ஏற்றினோம். பத்து நாளில் மகேசின் பாஸ்போர்ட்டைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது, அப்படிக் கேட்டால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வரவில்லை. தினமும் காலையில் பார்ப்பேன், 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருக்கும். ஒரே வீட்டிலிருந்து போன இரண்டில் ஒன்று மட்டும் எப்படி நகர்கிறது என்று கடைசிவரை விளங்கவில்லை.

"நானும் போகல" என்றாள் மகேஸ். நான்தான் திட்டிக் கிளப்பினேன். கிள்ளானிலிருந்து விமான நிலையம் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாஸ்போர்ட் சோதனைக்கு முன்னால் திரும்பிப் பார்த்தாள். தனியாக விமானம் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. என் பயணம் அந்தக் கண்ணாடிக் கதவோடு முடிந்தது.

அங்கே மாலை நாலு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு. வேலைக்குப் போகும் வழியில் காரை நிறுத்திவிட்டு, தர்ஷினி மேடையேறியதைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தேன். பதினைந்து விநாடி இருக்கும். இரண்டு நாள் கழித்து என் பாஸ்போர்ட்டைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: திருமணத் தேதி என்றால் சான்றிதழில் இருக்கும் தேதி, தாலி கட்டிய தேதி அல்ல. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சண்டை போட்டாலும் பரவாயில்லை, ஒன்றாக நிரப்புங்கள். குறைந்தது நாலு மாதம் முன்னால் தொடங்குங்கள். மலாய்ச் சான்றிதழ்களை முதலிலேயே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று விழா முடிந்ததும், நான் இன்னும் காரிலேயே இருந்தபோது, தர்ஷினி கூப்பிட்டாள். அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அப்பா, இந்த அம்மா பண்ண வேலையப் பாருங்க. உங்க சீட்ல ஹேண்ட்பேக்க வச்சுக்கிட்டு யாரையுமே உக்கார விடல. கேட்டவங்ககிட்ட எல்லாம் 'மை ஹஸ்பண்ட் கமிங்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். கடைசி வரைக்கும்."

வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.